சாமியறைக்கு மேலே இருநூற்றெழுபது மில்லிமீற்றர்

1

இந்த நாட்டில் வீடுகளுக்கும் ரிப்போர்ட் கொடுப்பார்கள். ஊரில் தவணை முடிவில் பிள்ளைகள் அழுதுகொண்டே கொண்டுவருவார்களே, அதே சாமான்தான். வீடு எவ்வளவு சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், எவ்வளவை வெளியே விடும் என்று கணக்குப் பார்த்து 'ஏ' முதல் 'ஜி' வரை ஓர் எழுத்துப் போடுவார்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் லண்டனில் வீட்டை விற்கவும் முடியாது, வாடகைக்கு விடவும் முடியாது. ஒருமுறை எடுத்தால் பத்து வருடத்துக்குச் செல்லும். அந்த எழுத்தைப் போடுகிற ஆட்களில் நானும் ஒருவன்.

ஊரிலிருந்து யாராவது கேட்டால் என் மனைவி, "இஞ்சினியர் மாதிரி ஒரு வேலை" என்பாள். இங்கே வந்த எங்களில் பாதிப் பேருக்கு அந்த 'மாதிரி'தான் சோறு போடுகிறது. என்னுடைய ஆயுதங்கள் ஒரு லேசர் அளவுகோல், ஒரு டோர்ச், மடக்கி எடுத்துப்போகும் ஓர் ஏணி. வீட்டுக்கு வீடு போய் அறைகளை அளப்பேன், யன்னல்களைப் பார்ப்பேன், வீட்டைச் சூடாக்குகிற பொய்லரைப் படம் எடுப்பேன், பல்புகளை எண்ணுவேன். வீட்டுக்காரர் தேத்தண்ணி தந்தால் குடிப்பேன். பிறகு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட, அது ஓர் எழுத்தைத் துப்பும்.

அந்தச் சான்றிதழில் அடிக்கடி வரும் சொல் ஒன்று உண்டு: ஊகம். சுவரை உடைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. வீடு கட்டிய காலத்தைச் சொன்னால், அந்தக் காலத்துச் சுவர் இப்படித்தான் இருந்திருக்கும் என்று மெசினே முடிவுசெய்து பக்கத்தில் 'ஊகம்' என்று எழுதிவிடும். பார்க்க முடியாத இடத்தைப் பார்க்க முடியவில்லை என்று போடு, மிச்சத்தை மெசின் ஊகிக்கும் என்பதுதான் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். அப்படிப் போடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நான் அதைப் போடாமல் விட்டதை இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதற்கெல்லாம் தொடக்கமான தொலைபேசி அழைப்பு வந்து இந்தக் கிழமையோடு ஒரு வருடம் ஆகிறது.

போன பெப்ரவரியில் டூட்டிங்கில் ஒருவருடைய குசினியில் நின்று பல்பு எண்ணிக்கொண்டிருந்தபோது அது வந்தது.

"அண்ணை, நீங்கள் தமிழோ?"

"ஓம். ஆர் கதைக்கிறது?"

"என்ர பேர் ஜெயந்தி. ஈஸ்ட் ஹாமில இருந்து கதைக்கிறன். எங்கட வீட்டுச் சேட்டிபிக்கேட்டில உங்கட பேரும் நம்பரும் கிடக்கு. நீங்கள்தானோ வந்து பாத்தது?"

சான்றிதழில் அதை எழுதியவரின் பெயரும் எண்ணும் இருக்கும். இணையத்தில் யாரும் எடுத்துப் பார்க்கலாம். பதினொரு வருடத்தில் அதைப் பார்த்து என்னைக் கூப்பிட்ட முதல் ஆள் அவள்தான். சூடு தப்பிப் போகாமல் கூரைக்குக் கீழே பஞ்சு போட அரசாங்கம் இலவசமாக உதவுகிறது என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்திருக்கிறாள். 'டி' யிலிருந்து கீழே உள்ள வீடுகளுக்குத்தான் அந்த உதவி. இவளுடைய வாடகை வீடோ தாளில் 'சி'. போதாததற்குப் பஞ்சு ஏற்கெனவே போட்டிருக்கிறது என்றும் அதே தாளில் எழுதியிருக்கிறது.

"அதால தர ஏலாதாம். நான் சண்டைக்கு எடுக்கேல்ல, அண்ணை. பிள்ளைக்கு இழுப்பு. ஹீட்டிங் போட்டும் அவள் படுக்கிற அறையில வாயைத் திறந்தாப் புகை வருது. 'சி' எண்டால் இப்பிடித்தான் குளிருமோ எண்டு கேக்கத்தான் எடுத்தனான்."

முகவரியைக் கேட்டேன். அவள் சொன்னதும் எத்தனை பல்பு எண்ணினேன் என்பது மறந்துபோய்விட்டது.

2

அது பரமேசண்ணையின் வீடு. எங்கள் கோயில் நிர்வாகத்தில் அவர் இருக்கிறார். எந்தக் கோயில் என்பது இங்கே தேவையில்லை. நான் பெட்ரோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் செய்துகொண்டிருந்த காலத்தில், "உமக்குக் கணக்கு வரும், இதைப் படியும்" என்று இந்த வேலையைக் காட்டித் தந்தவர். படித்து முடித்ததும் கோயில் அன்னதானத்தில் வைத்து நாலு பேருக்கு என்னை அறிமுகம் செய்து வேலை எடுத்துத் தந்தவரும் அவரே. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்த எனக்கு, அவர் வீட்டைப் பார்க்கக் கூப்பிட்டது ஒரு கௌரவமாகவே இருந்தது.

ஒன்பது வருடத்துக்கு முந்திய ஒரு வெள்ளிக்கிழமை. அவர் பெரிய வீடு வாங்கி மாறப் போகிறார்; ஈஸ்ட் ஹாம் வீட்டை வாடகைக்கு விட வேண்டும். கீழே எல்லாம் அளந்து முடித்து மேலே போனேன். இந்த நாட்டு வீடுகளில் மேல்மாடிச் சீலிங்குக்கும் ஓட்டுக் கூரைக்கும் நடுவே ஓர் இருட்டுப் பொந்து இருக்கும். லொஃப்ட் என்பார்கள். அதற்குள் ஏறிப் பஞ்சு எத்தனை மில்லிமீற்றர் தடிப்பில் இருக்கிறது என்று அளந்து படம் எடுக்க வேண்டும். வீட்டின் சூடு மேலாலேதான் ஓடும் என்பதால் அந்த ஓர் இலக்கம் எழுத்தையே மாற்றிவிடும்.

ஏறுகிற பலகைக் கதவு, சின்ன அறையின் சீலிங்கில் இருந்தது. அந்தச் சின்ன அறைதான் அவர்களுடைய சாமியறை. விளக்கு எரிகிறது. பிள்ளையாரில் தொடங்கி ஒரு சுவர் நிறையப் படங்கள். கதவு சரியாகப் படங்களுக்கு மேலே. நான் ஏணியை விரித்தேன். பரமேசண்ணையின் மனைவி வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, வெள்ளிக்கிழமையும் அதுவுமா சாமிக்கு மேல கால் வைக்கப் போறீரோ?"

ஏணியை மடக்கினேன். இதை ஒரு வெள்ளைக்கார அளவையாளர் செய்திருக்க மாட்டார். அவர் 'மன்னிக்கவும்' என்று சொல்லிவிட்டு ஏறியிருப்பார், அல்லது 'பார்க்க முடியவில்லை' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். எனக்கு இரண்டும் வரவில்லை.

"மேல எல்லாம் பஞ்சு போட்டாச்சு, தம்பி" என்றார் பரமேசண்ணை. "எங்கட பெடியள்தான் வந்து செய்தவங்கள். நல்ல தடிப்பு, ஒரு சாணுக்கு மேல வரும். எழுதும்."

எழுதினேன். இருநூற்றெழுபது மில்லிமீற்றர். கோயில் நிர்வாகி, விளக்கின் முன்னால் நின்று சொல்கிறார், பொய்யாகவா இருக்கும்? ஆனால் எழுதினால் மட்டும் போதாது, படமும் வைக்க வேண்டும். முதல்நாள் வேறொரு வீட்டில் எடுத்த லொஃப்ட் படம் போனில் இருந்தது. பஞ்சுக்கு முகமா இருக்கிறது? அதையே வைத்தேன். எனக்கு அன்று நெஞ்சு குறுகுறுக்கவும் இல்லை. அவருடைய மனைவி தந்த வடையைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

3

ஜெயந்தி மன்னார்ப் பக்கம். வேதக்காரர். முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை. கணவர் இப்போது கூட இல்லை என்றாள். நான் மேலே கேட்கவில்லை. ஏழு வயது மகள் நிலா. கோட் போட்டபடி சோபாவில் இருந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். "ஹலோ மாமா" என்றாள். அவள் மூச்சு விடுவது வாசலில் நின்ற எனக்குக் கேட்டது.

மேலே அந்தச் சின்ன அறை இப்போது நிலாவின் படுக்கையறை. சாமிப் படங்கள் தொங்கிய ஆணிகள் அப்படியே இருந்தன. ஒன்றில் ஒரு சிலுவை, இன்னொன்றில் பள்ளிக்கூடப் பை. சீலிங்கின் மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம். ஜெயந்தி அதைத் துடைக்கிற துணியை அறை மூலையிலேயே ஒரு வாளியில் வைத்திருந்தாள். கிழமைக்கு இரண்டு தரம் துடைப்பாளாம்.

"வீட்டுக்காரரிட்டச் சொல்லேல்லையா?"

"சொன்னனான். யன்னலைத் திறந்து வையுங்கோ எண்டவர்."

கட்டிலை நகர்த்தி ஏணியை வைத்தேன். ஒன்பது வருடம் பிந்தி ஏறினேன்.

உள்ளே டோர்ச் அடித்தேன். மரச்சட்டங்கள், இடையில் சீலிங்கின் முதுகு, ஓட்டு இடுக்கால் தெரிகிற வெளிச்சம். காற்று முகத்தில் அடித்தது. பஞ்சு இருந்தது, இல்லாமல் இல்லை. தூரத்து மூலையில், பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல், ஆறு சுருளாக ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி இருந்தது. அதன் மேல் தூசி. விரித்தால்தான் அது பஞ்சு. சுருட்டி வைத்தால் அது வெறும் மூட்டை.

என்ன நடந்தது என்று பிறகு பரமேசண்ணையின் வாயாலேயே தெரிந்துகொண்டேன். பஞ்சு போட வந்த பெடியளுக்கு அவருடைய மனைவி நிபந்தனை போட்டிருக்கிறார்: சாமிப் படங்களை வெள்ளைத் துணியால் மூடுவேன், அரை மணித்தியாலத்தில் ஏறி இறங்கிவிட வேண்டும், சும்மா சும்மா தலைக்கு மேலே நடக்கக் கூடாது. அவர்களும் சுருள்களை மேலே ஏற்றிவிட்டு, கொஞ்ச நேரம் உள்ளே இருந்துவிட்டு, தும்மிக்கொண்டு இறங்கி, முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். பரமேசண்ணை ஏறிப் பார்க்கவில்லை. அவரும் சாமிக்கு மேலே கால் வைக்கமாட்டார்தானே. ஆக, அவர் நம்பியதை என்னிடம் சொன்னார். அந்த வீட்டில் தெரிந்து பொய் சொன்னவர்கள் அந்தப் பெடியளும் நானும்தான்.

கீழே இறங்கினேன். ஜெயந்தி ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இருக்கோ, அண்ணை?"

"இல்லை" என்றேன். "நான் அண்டைக்கு ஏறிப் பாக்கேல்ல, தங்கச்சி. பாத்ததா எழுதிப்போட்டன்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவள் கட்டிலை மெல்லத் தள்ளிப் பழைய இடத்தில் வைத்தாள். "இப்ப மாத்தி எழுத ஏலுமோ?" என்று மட்டும் கேட்டாள்.

4

பார்க்காமல் எழுத நான் லண்டனில் பழகவில்லை. ஊரிலேயே பழகிவிட்டேன்.

யாழ்ப்பாணத்தில் பிரதேச செயலகத்தில் கிளார்க்காக இருந்தேன். சண்டை இடம்பெயர்த்த சனங்களிடம் வீட்டுச் சேத விபரம் எடுப்பது வேலை. முழுச் சேதம், பகுதிச் சேதம் என்று படிவத்தில் இரண்டு கட்டம். வீடுகள் இருந்த இடமோ இராணுவத்தின் வலயத்துக்குள். வீட்டுக்காரரும் போக முடியாது, நானும் போக முடியாது. ஒரு பள்ளிக்கூட மேசையில் இருந்துகொண்டு அவர்கள் சொல்வதை எழுதுவேன். எத்தனை அறை, எத்தனை யன்னல், கூரை ஓடா சீற்றா. படிவத்தின் அடியில் 'நேரில் பார்வையிட்டேன்' என்று ஒரு வரி இருந்தது. அதில் கையெழுத்து இல்லாவிட்டால் கொழும்பு திருப்பி அனுப்பிவிடும். எனவே எல்லாவற்றிலும் கையெழுத்து வைத்தேன்.

ஒருவர் மறுநாள் திரும்பி வந்தார். நாலு மைல் சைக்கிளில். "ஐயா, நேற்று ஆறு கதவு எண்டு சொல்லிப்போட்டன். அஞ்சுதான். குசினிக் கதவு பிறகு வைப்பம் எண்டு விட்டது, வைக்கேல்ல. வெட்டி எழுதுங்கோ" என்றார். வீடே இருக்கிறதோ தெரியாது, அவர் இல்லாத கதவைக் கழிக்க வந்திருந்தார். அந்த மனிதரைப் பார்த்துத்தான், எங்கள் சனத்தின் வாய்ச் சொல் போதும், நேரில் பார்க்கத் தேவையில்லை என்று நான் முடிவுகட்டினேன்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். எனக்குக் காதால் கேட்டதே தாராளமாகப் போதும். ஒன்றை மட்டும் யோசிக்க மறந்துவிட்டேன். அங்கே வாய் திறந்தவர் அந்த வீட்டில் படுத்தவர். இங்கே வாய் திறந்தவர் வீட்டை விட்டுப் போகிறவர். அந்தச் சின்ன அறையில் படுக்கப் போகிற பிள்ளையிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை, அது அப்போது பிறக்கவும் இல்லை.

5

மாற்றி எழுதுவதென்றால், என்னைப் பதிந்து வைத்திருக்கும் அமைப்புக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். சொன்னால் வேலை போகலாம். அதற்கு முன் பரமேசண்ணையிடம் ஒரு சொல் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று போனேன். அதுவும் பிழை. நல்ல பழக்கங்களாலேயே நாசமாய்ப் போகிற பிறவி நான்.

அவர் பெடியளின் கதையைச் சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"அது 'சி' வீடு. 'சி' எண்டுதான் நான் விளம்பரம் போட்டு விட்டனான். இப்ப நீர் வந்து இல்லை எண்டால் நான் என்ன கள்ளனோ?"

"அண்ணை, சுருள் மேலேயே கிடக்கு. விரிச்சு விட்டாச் சரி. நானே வந்து விரிக்கிறன்."

"ஈரம் பிடிச்சிருக்கும். பிறகு சீலிங் விழுந்தா ஆர் பொறுப்பு? உம்மைப் படிப்பிச்சு ஆளாக்கினதுக்கு நல்ல கைம்மாறு செய்யிறீர், தம்பி. அந்தப் பிள்ளை வந்து மூண்டு வருசம். இவ்வளவு நாளும் குளிரேல்லையோ? கையெழுத்து உம்மட. நான் ஒண்டும் எழுதேல்ல."

கடைசி வசனம் சரி. அதனால்தான் அது சுட்டது.

வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் இருந்தேன். பெப்ரவரி முடிந்து மார்ச் வந்தது. இனி வெயில் வந்துவிடும், அடுத்த குளிருக்கு முன் பார்க்கலாம் என்று மனம் தன்பாட்டில் கணக்குப் போட்டது. ஜெயந்தி இரண்டு தரம் எடுத்தாள். இரண்டாம் தரம் நான் போனைத் தூக்கவில்லை.

என் மகள் அபி. இங்கே பிறந்தவள், தனியாக வேறு வீட்டில் இருக்கிறாள், ஞாயிறு மத்தியானம் சாப்பிட வருவாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். எங்களுக்குள் 'அப்பா' என்ற சொல் ஒன்றுதான் பொது. அவளுடைய வேலையும் வீடுகள்தான், ஆனால் அவள் ஒரு வீட்டுக்குள்ளும் போவதில்லை. சான்றிதழ்களை ஒரு பக்கமும் ஸ்மார்ட் மீட்டர் காட்டுகிற உண்மையான எரிவாயுக் கணக்கை மறுபக்கமும் வைத்து, எந்தத் தாள் பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்கிற கம்பனி. சம்மதம் தந்த வீடுகளின் கணக்குத்தான் அவர்களுக்கு வரும். அவள் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"தாளில் 'சி', ஆனால் 'எஃப்' மாதிரி எரிக்கிற வீடுகள் நிறைய இருக்கின்றன அப்பா. அளக்கப் போகிறவர்கள் சும்மா எழுதிவிடுகிறார்கள்."

என் மனைவி மீன்குழம்பு பரிமாறிக்கொண்டிருந்தாள். இதுதான் நேரம் என்று தோன்றியது.

"ஈஸ்ட் ஹாமில ஒரு வீடு கிடக்கு, அபி" என்றேன். "அது நான் எழுதினது."

அவள் தட்டைப் பார்த்தபடி சொன்னாள். "எனக்குத் தெரியும் அப்பா. உங்கள் பெயர் போட்டிருந்தது."

"எப்ப தொடக்கம் தெரியும்?"

"கிறிஸ்மஸிலிருந்து."

கிறிஸ்மஸிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் வந்து, என்னோடு இருந்து சாப்பிட்டு, ஒன்றும் கேட்காமல் போயிருக்கிறாள். தகப்பனை அவமானப்படுத்தக் கூடாது என்பதை அவள் யாரிடம் படித்தாள்? பரமேசண்ணை முன்னால் நான் ஏணியை மடக்கியதும், என் முன்னால் அவள் வாயை மூடியதும் ஒரே பாடம்தான். தமிழ் சொல்லிக்கொடுக்க ஏலாத நான் இதை மட்டும் நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

"நீங்களே சொல்லிவிடுங்கள்" என்றாள். "நான் சொல்ல வேண்டி வந்தால் அது வேறு மாதிரி ஆகிவிடும்."

திங்கட்கிழமை சொன்னேன்.

6

என்னை ஆறு மாதம் நிறுத்தி வைத்தார்கள். பழைய சான்றிதழ்களில் கொஞ்சத்தை எடுத்துப் படங்களை ஒப்பிட்டார்கள். வேறு பிழை அகப்படவில்லை. அந்த ஒரு வீட்டில் மட்டும்தான் நான் பக்தனாக இருந்திருக்கிறேன். இன்னொரு அளவையாளர், ஒரு போலந்துப் பெண், போய் ஏறிப் பார்த்து உள்ளதை எழுதினாள். 'டி'.

ஜெயந்தி எனக்கு எடுத்து அழுதாள். "அண்ணை, இனித் தருவினமாம்! ஒரு தாள் வந்திருக்கு. வீட்டுக்காரர் ஒரு கையெழுத்து வைச்சாச் சரியாம்." பிறகு போனைப் பிள்ளையிடம் கொடுத்தாள். "தாங்க் யூ, மாமா" என்றது பிள்ளை. அந்தக் கிழமை முழுக்க நான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன். வேலை இல்லாமல் வீட்டில் இருந்தாலும் நல்லாய் நித்திரை வந்தது.

வீட்டுக்காரர் கையெழுத்து வைக்கவில்லை. 'சி' என்று விட்ட வீடு 'டி' ஆனதில் அவருக்கு வந்த ரோசம் எவ்வளவு, வாடகை வீடுகளுக்கு இனிச் சட்டம் இறுகப் போகிறது என்ற பயம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. கோயிலில் என்னைக் கண்டால் பிரகாரத்தின் மறுபக்கத்தால் சுற்றினார். வீட்டை விற்கப் போகிறேன், விட்டு எழும்புங்கள் என்று ஜெயந்திக்குக் கடிதம் போனது. சட்டப்படி சரியான கடிதம். குழந்தையோடு இருக்கிற ஒருத்திக்கு வந்தது என்று மட்டும் சொல்லி, அபிக்கு வாசித்துக் காட்டி விசாரித்தேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. நான் வாடகை வீடு தேடிக் கடை கடையாய்ச் சொல்லி வைத்தேன். ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் மளிகைக்கடைப் பலகைகளில் துண்டு ஒட்டினேன். தனித் தாய், குழந்தை, பெனிபிட் என்கிற அரசாங்க உதவிப் பணம் என்றதும் எங்கள் ஆட்களே "பிறகு பாப்பம்" என்றார்கள். ஒக்டோபரில் கவுன்சில் அவர்களுக்குத் தற்காலிகமாக ஓர் அறை கொடுத்தது. லண்டனுக்கு வெளியே, முன்னர் அலுவலகமாக இருந்த ஒரு கட்டடத்தில். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மாறியது. ஜெயந்தி இரண்டு பஸ்ஸும் ஒரு ரயிலும் பிடித்துக் கொஞ்ச நாள் வேலைக்கு வந்து பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

சாமான் ஏற்றுகிற அன்று உதவிக்குப் போனேன். நிலாவின் கட்டிலைக் கழற்றினேன். வாகனத்தில் ஏற முன் ஜெயந்தி சொன்னாள், கோபமில்லாமல்:

"குளிரெண்டாலும் அது எங்கட வீடா இருந்தது, அண்ணை. நான் உங்களுக்கு எடுக்காமலே இருந்திருக்கலாம்."

அவளை எனக்குப் போன் எடுக்க வைத்தது எது? நான் எழுதிய தாள். அது அவளுக்கும் தெரியும்.

7

நான் திரும்ப வேலைக்குப் போகிறேன். இப்போது யார் என்ன சொன்னாலும் ஏறுகிறேன். சாமியறை என்றால் செருப்பைக் கழற்றி, மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஏறுகிறேன். எங்கள் சனம் முகத்தைச் சுளிக்கிறது. அன்னதானத்தில் எனக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். பரவாயில்லை. பரவாயில்லை என்று எழுதிவிட்டேன், ஆனால் அப்படி இல்லை.

போன ஞாயிறு அபி மடிக்கணினியோடு வந்தாள். சாப்பாட்டுக்கு முன்னமே மேசையில் விரித்தாள். வேலையை வீட்டுக்குக் கொண்டுவருகிற பிள்ளை அல்ல. எனக்கு எதையோ காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டு வந்திருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. சின்ன வயதில் கீறிய படத்தைக் கொண்டுவந்து காட்டுகிற அதே முகம்.

"சான்றிதழைத் திருத்திய பிறகு எந்த வீடுகள் நல்லாய் வந்திருக்கின்றன என்று ஒரு பட்டியல் எடுத்தோம் அப்பா. போன குளிரோடு இந்தக் குளிரை ஒப்பிட்டு. இங்கே பாருங்கள்."

மேலிருந்து மூன்றாவது வரி. ஈஸ்ட் ஹாம். அந்த முகவரி. பக்கத்தில் இருந்த வரைபடத்தில் எரிவாயுக் கோடு ஒக்டோபரில் விழுந்து, அடிமட்டத்தில் நேராகப் போயிருந்தது.

"கிட்டத்தட்ட ஒன்றுமே எரிக்கவில்லை. 'ஏ' வீடு கூட இப்படி இருக்காது. பஞ்சு போட்டிருக்கிறார்கள். நீங்கள் சொன்னதால்தான் அப்பா." அவள் என் கையைப் பிடித்தாள். ஒரு வருடமாக எனக்கும் அவளுக்கும் இடையில் கிடந்ததை அவள் அன்று முடித்துவைக்க வந்திருந்தாள்.

பொய்யாகத் தலையாட்டியிருக்கலாம். அந்தக் கை இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்திருக்கும்.

"பஞ்சு போடேல்ல, அபி" என்றேன். "அங்க ஒருத்தரும் இல்லை. வீடு பூட்டிக் கிடக்கு. விலை படியேல்ல, வெளியில இன்னும் விற்பனைப் போர்ட் தொங்குது."

அவள் திரையில் இருந்த கோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஒரு கடிதம் வாசித்துக் காட்டினீர்களே, அந்த வீடா? அந்தப் பிள்ளை எங்கே?"

கவுன்சில் கொடுத்த கட்டடத்தின் பெயரைச் சொன்னேன். அங்கே எத்தனை பேர், எப்படிக் குளிர் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். அந்தக் கட்டடத்தில் அறைக்கு அறை மீட்டர் இல்லை. அது அவளுடைய பட்டியலில் எந்த வரியிலும் வராது.

அபி கையை எடுத்து அந்த வரியைத் தெரிவுசெய்து அழித்தாள். கீழே ஆயிரக்கணக்கான வீடுகளின் சராசரி இருந்தது. வரி போன பிறகும் அதே இலக்கம்தான் நிற்கிறதா என்று அதைப் பார்த்தாள்.

"ஒண்டும் மாறேல்ல, அப்பா" என்றாள், தமிழில்.